தோழமை குடியிருந்த வீடு

லண்டன் மாநகரத்துச் சிற்றுண்டிச்சாலையொன்றில் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் வாடகை வீட்டு விளம்பரங்களைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் முன்பின் அறியாதவர். இளைஞன் தன் காதலியாற் கைவிடப்பட்டு, அவளோடு வாழ்ந்த இடத்தையும் இழந்தவன். சித்திரக்கதை வரைந்து பெயரெடுக்க விரும்புபவன். பெண்ணோ எழுத்தாளராக வேண்டுமென்ற ஆசையும், எழுத உட்காரும் வேளையெல்லாம் வேறு வேலை தேடிக்கொள்ளும் குணமும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவள். கையிற் பணமில்லை, தலைக்கு மேற் கூரையுமில்லை. நாள்தோறும் ஏமாற்றத்தோடு எதிர்ப்பட்டு, எதிர்ப்பட்டு, அவ்விருவரும் பேசத் தொடங்குகிறார்கள். ஒருநாள் மலிவான வீடொன்று விளம்பரத்தில் அகப்படுகிறது. ஆனால் அதனடியில் ஒரு நிபந்தனை: தொழில் புரியும் தம்பதியருக்கு மாத்திரம்.

இவர்கள் தம்பதியருமல்லர், தொழில் என்று சொல்லத்தக்க தொழிலும் இல்லை. ஆயினும் வீடு வேண்டும். பரீட்சைக்கு முதல்நாள் பாடத்தை மனனம் செய்யும் மாணவரைப்போல, ஒருவருடைய விருப்பு வெறுப்புக்களை மற்றவர் கேட்டுக் கேட்டு நெட்டுருச் செய்துகொண்டு, நெடுநாட் காதலர் என்ற கோலத்தில் வீட்டுக்காரியின் முன் போய் நிற்கிறார்கள். வீடு கிடைத்துவிடுகிறது. பொய்யும் அவர்களோடு கூடவே குடிபுகுகிறது.

இவ்வாறு தொடங்குவது ‘ஸ்பேஸ்ட்’ என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். இடம் என்றும் வெளி என்றும் பொருள்படும் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. மனம் எங்கோ அலையக் கண்கள் மாத்திரம் திறந்திருக்கும் மயக்க நிலையையும் அது குறிக்கும். இருக்க இடமும் இல்லாமல், இருக்கும் இடத்தில் மனமும் இல்லாமல் திரியும் மாந்தரைப் பற்றிய கதைக்கு இதனினும் ஏற்ற பெயர் கிடைப்பது அரிது. சனல் 4 நிறுவனத்தார் இதனை 1999ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஒளிபரப்பத் தொடங்கினர். அந்த ஆண்டில் ஏழு அத்தியாயங்கள். பின்னர் 2001ஆம் ஆண்டில் மேலும் ஏழு. பதினான்கோடு கதை நின்றுவிட்டது. ரிம் பிஸ்லி என்னும் இளைஞனாக நடித்த சைமன் பெக், டெய்சி ஸ்டெயினர் என்னும் பெண்ணாக நடித்த ஜெசிக்கா ஸ்டீவன்சன் ஆகிய இருவருமே இதனை எழுதினர். அந்நடிகை பிற்காலத்தில் ஜெசிக்கா ஹைன்ஸ் என்ற பெயரால் அறியப்பட்டவர். பதினான்கு அத்தியாயங்களையும் நெறிப்படுத்தியவர் எட்கார் ரைட். தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. 1996இல் வெளிவந்த ‘அசைலம்’ என்ற தொடரிலும் இம்மூவரும் ஒன்றாகப் பணியாற்றியிருந்தனர்.

வானொலி நேயர்களுக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நண்பர்கள் ஒரே வீட்டில் வாழ்வதால் விளையும் நகைச்சுவை தொலைக்காட்சி கண்டுபிடித்த புதுமையன்று; அது வானொலியின் முதுசொம். 1938ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியில் ‘பாண்ட் வாகன்’ என்றொரு நிகழ்ச்சி தொடங்கிற்று. ஆர்தர் ஆஸ்கி, ரிச்சர்ட் மேர்டொக் என்னும் இரு நகைச்சுவையாளர்கள் பி.பி.சி. தலைமைக் கட்டடத்தின் உச்சியிலேயே ஒரு வீடமைத்துக் குடியிருப்பதாகவும், ஆட்டையும் புறாக்களையும் அங்கு வளர்ப்பதாகவும் அதிற் கற்பனை செய்யப்பட்டது. வானொலி நிலையத்தின் மொட்டைமாடியில் ஆடு! கண்ணாற் காணாத வீட்டையும் காணாத ஆட்டையும் கேட்டோர் நம்பினர். 1954இல் வானொலியிற் பிறந்து, 1956இல் தொலைக்காட்சிக்குச் சென்ற ‘ஹான்கொக்ஸ் ஹாவ் அவர்’ நிகழ்ச்சியும் இம்மரபினதே. ரே கால்ட்டன், அலன் சிம்சன் என்னும் இருவர் கூடியிருந்து எழுதிய அந்நிகழ்ச்சி, இரண்டொரு பேரே முழுவதையும் எழுதும் வழக்கத்திற்குச் சிறந்த முன்மாதிரியாயிற்று. அவ்வழக்கம் ‘ஸ்பேஸ்ட்’ தொடரின் அற்பாயுளுக்கும் ஒரு காரணமாதலைப் பின்னர்க் காண்போம்.

முதலில் அந்தப் பொய்யைச் சற்று ஆராய்வோம். ஒரு வீட்டுக்காக இருவர் தம்பதியராக நடிப்பது வெறும் கேலிக்கூத்து எனச் சிலர் எண்ணலாம். அக்காலத்து லண்டனில் வாடகைக்கு இருந்தோரின் நிலையை அறிந்தவர் அவ்வாறு எண்ணார். 1988ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் 1989 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின், இங்கிலாந்தில் புதிதாகக் குடியேறுவோருக்கு முன்னிருந்த வாடகைக் கட்டுப்பாடும் நிலையான பாதுகாப்பும் அற்றுப்போயின. குறுங்காலக் குத்தகை என்னும் முறை பரவிற்று. குறித்த காலம் முடிந்ததும், காரணம் எதுவுங் கூறாமலே, இரண்டு மாத முன்னறிவித்தலோடு குடியிருப்போரை வெளியேற்ற வீட்டுக்காரருக்கு அச்சட்டம் இடமளித்தது. வீட்டுக்காரர் எவரை விரும்புகிறாரோ அவர் இருக்கலாம், விரும்பாவிடின் போகலாம். அந்நிலையில் வீட்டுக்காரர்கள் விரும்பியது யாரை? மாதச் சம்பளம் வாங்கும் இருவரை. அதிலும் ஒருவரோடொருவர் பிணைப்புண்டவரை. தம்பதியர் என்றால் வாடகை தவறாது, இரவில் ஆரவாரம் இராது, நாளைக்கே ஒருவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடமாட்டார் என்பது அவர்தம் கணக்கு. நண்பர் என்ற சொல்லுக்கு அந்தக் கணக்கிலே பெறுமதியில்லை. நண்பரென்று உறுதிப்படுத்த எந்தக் கச்சேரியிலும் பதிவுத்துண்டு தருவதில்லையன்றோ?

இதுவே இத்தொடரின் உயிர்நிலை என்பது என் எண்ணம். ரிம், டெய்சி இருவருக்குமிடையே உள்ளது மெய்யான உறவு. அது நாளடைவில் வளர்கிறது, சண்டையிடுகிறது, ஒருவர் நோயில் மற்றவர் தேநீர் கொண்டுவரும் அளவுக்கு முதிர்கிறது. ஆனால் அந்த மெய்யான உறவுக்கு ஊரார் வைத்த பெயரில்லை. பெயருள்ள உறவோ அவர்களிடம் இல்லை. ஆகவே, பெயருள்ள பொய்யைச் சொல்லிப் பெயரில்லாத மெய்யைக் காப்பாற்றுகிறார்கள். பார்ப்பவர் சிரிக்கிறார், சிரிப்பினடியில் ஓர் அச்சம் எப்பொழுதும் கிடக்கிறது: வீட்டுக்காரி அறிந்தால் என்னாகும்?

அந்த வீட்டுக்காரியை அறிமுகஞ் செய்யாமல் மேலே செல்லல் தகாது. மீற்றியர் வீதி 23ஆம் இலக்க வீட்டின் சொந்தக்காரி மார்ஷா கிளைன். ஜூலியா டீக்கின் என்னும் நடிகை ஏற்ற பாத்திரம் இது. ஒரு கையிற் சிகரெற்றும் மறு கையில் வைன் கிண்ணமுமாகப் படிகளில் இறங்கிவரும் நடுவயதுப் பெண். மேல்மாடியில் அவளுக்கும் அவளுடைய மகளுக்கும் ஓயாத சண்டை. மகளின் குரலையும் கதவைச் சாத்தும் ஓசையையும் கேட்கிறோம். ஆளை முழுமையாகக் காண்பதேயில்லை. வானொலி நாடகத்துக்கே உரிய உத்தி இது என்று சொல்லி நாம் சற்றே பெருமைப்படலாம். தன் வாழ்க்கை தன்னைக் கைவிட்டுவிட்டதென்று உணர்ந்த இந்த மார்ஷா, கீழே குடியிருக்கும் இளந் ‘தம்பதியர்’ மீது அன்பு வைக்கிறாள். நகைச்சுவை நாடகங்களில் வீட்டுக்காரர் பெரும்பாலும் பகைவர், ஏய்க்கப்படத்தக்கவர். இங்கே ஏமாற்றப்படுபவள் நல்லவள். அதனாற் பொய்யின் சுமை கூடுகிறது.

கீழ்த்தளத்திற் பிறையன் ரொப் என்னும் ஓவியன் வாழ்கிறான். சினத்தையும் வேதனையையும் அச்சத்தையும் வரைவதாகச் சொல்பவன். ஒரு கேள்விக்கு நேரே விடை சொல்லத் தெரியாதவன். ரிம்மின் பால்ய நண்பன் மைக், படைவீரனாக வேண்டுமென்ற ஒரே கனவோடு வாழ்பவன். விழித்திரை பழுதுபட்டமையாற் படையிற் சேரமுடியாமற் போனவன். ஒப்புக்குச் சேர்ந்த தொண்டர் படையிலிருந்தும் அவன் நீக்கப்பட்டான். பயிற்சிக்காகப் பிரான்சுக்குச் சென்ற இடத்தில், ஒரு யுத்தத் தாங்கியை எடுத்துக்கொண்டு பாரிஸ் நகரைக் கைப்பற்றப் புறப்பட்டதே காரணம்! நிக் புரோஸ்ற் நடித்த இந்த மைக், பார்ப்பவர் நெஞ்சில் நெடுநாள் நிற்பவன். டெய்சியின் தோழி ருவிஸ்ற், தான் ‘ஆடை அலங்காரத் துறையில்’ இருப்பதாகச் சொல்வாள். இருப்பது சலவைக் கடையில். இவர்களோடு கொலின் என்றொரு சிறு நாய். ரிம் நாய்க்கும் மின்னலுக்கும் மூங்கிலுக்கும் அஞ்சுபவன் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

எல்லோரும் ஏதோ ஒன்றாக வேண்டுமென்று எண்ணி, அதுவாக ஆகாமல் நிற்பவர்கள். எழுதாத எழுத்தாளர், வரைந்ததை எவருக்குங் காட்ட அஞ்சும் சித்திரக்காரர், போர் காணாத வீரர். இருபதுகளின் பிற்பகுதி என்பது நம் பெற்றோர் காலத்திலே கல்யாணமும் குழந்தைகளும் காணியும் கடனும் வந்து சேர்ந்துவிட்ட பருவம். இவர்களுக்கோ அது இன்னும் விடுதி வாழ்க்கை. சோம்பேறிகள் என்று தள்ளிவிடுவது எளிது. பாடசாலையிற் பல்லாண்டு பணிபுரிந்தவன் என்ற முறையில், நானும் முதலிரண்டு அத்தியாயங்களைப் பார்த்தபோது அவ்வாறே எண்ணினேன். மூன்றாவதற்குப் பின்னர் அந்த எண்ணம் தளர்ந்தது.

தளர்த்தியது காட்சியமைப்பே எனலாம். அக்காலத்துப் பல நகைச்சுவைத் தொடர்கள் அரங்கொன்றிலே பார்வையாளர் முன்னிலையில் மூன்று நான்கு கமராக்களால் எடுக்கப்பட்டன. அவர்களுடைய சிரிப்பொலியும் சேர்த்தே ஒலிக்கும். ‘ஸ்பேஸ்ட்’ தொடரில் அச்சிரிப்பொலி இல்லை. ஒரே கமராவைக் கொண்டு, திரைப்படம் எடுப்பதுபோல எடுத்தார் ரைட். தேநீர் வைப்பது, கதவு திறப்பது போன்ற அற்பச் செயல்களைக்கூடப் பெரும் போர்ப்படத்துக்கோ திகிற்படத்துக்கோ உரிய வேகத்தோடும் ஓசையோடும் காட்டினார். ஒரு காட்சியில், நித்திரையின்றி விடிய விடியக் கணினி விளையாட்டு விளையாடிய ரிம்மின் கண்களுக்கு, நடமாடும் பிணங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டனபோலத் தோன்றும். பிறிதோரிடத்தில் வீதிச் சண்டைக்கு வந்த இளைஞர் கூட்டமும் ரிம்மும் விரல்களையே துப்பாக்கியாக நீட்டிச் சுட்டுக்கொள்வர். சுடப்பட்டவர் மெல்ல மெல்லச் சரிவர். ஒரு தோட்டாவும் இல்லை; ஆயினும் எவரும் விதியை மீறுவதில்லை. கையிற் காசில்லாதவர்க்குக் கற்பனையே சொத்து என்பதை வசனமின்றியே இக்காட்சிகள் உணர்த்துகின்றன. அந்தப் பிணக்காட்சியின் வித்திலிருந்தே ‘ஷோன் ஒப் த டெட்’ என்னும் திரைப்படம் 2004இல் முளைத்தது என்பதும், பெக், ரைட், புரோஸ்ற் மூவரும் அதனால் உலகறியப்பட்டனர் என்பதும் யாவரும் அறிந்ததே.

இத்தொடரை அமெரிக்காவின் ‘பிரெண்ட்ஸ்’ தொடரோடு ஒப்பிடுவது வழக்கம். 1994 முதல் 2004 வரை, பத்துப் பருவங்களில் 236 அத்தியாயங்களாக ஓடியது அது. அங்கேயும் நண்பர்கள்; அங்கேயும் கூட்டுக் குடியிருப்பு. ஆனால் அந்த வீடுகள் விசாலமானவை, வெளிச்சமானவை, உணவுச்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணும் அத்தகைய வீட்டில் வாழ்வது எவ்வாறு என்ற கேள்வி பலராலும் கேட்கப்பட்டதுண்டு. ‘ஸ்பேஸ்ட்’ வீட்டிலே வெளிச்சம் குறைவு, தளபாடங்கள் பழையவை. முன்னதைக் குறைசொல்ல நான் வரவில்லை. அது பலருக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் லண்டனுக்குச் சென்ற நம்மவர் பிள்ளைகள் பலர், நாலைந்து பேராக ஒரு வீட்டைப் பகிர்ந்து, குளிர்சாதனப் பெட்டியின் தட்டுக்களைப் பெயரெழுதிப் பிரித்து வாழ்ந்தவர்கள். அவர்களைக் கேட்டால் எந்த வீடு மெய்யான வீடு என்பதைச் சொல்வார்கள்.

இனி, பதினான்கோடு நின்றமைக்கு வருவோம். அமெரிக்க முறையில் ஒரு பருவத்துக்கு இருபத்திரண்டு, இருபத்துநான்கு அத்தியாயங்கள் எழுதப்படுவது அந்நாளில் வழக்கம். அதற்குப் பலர் கொண்ட எழுத்தாளர் கூட்டமொன்று ஓர் அறையிலே கூடியிருந்து எழுதும், ஒருவர் விலகினால் இன்னொருவர் வருவார், ஆலை நிற்பதில்லை. பிரித்தானிய முறையோ குடிசைக் கைத்தொழில் போன்றது. ஒரு பருவத்துக்கு ஆறு அல்லது ஏழு. அவற்றை எழுதுவோர் ஒருவர் அல்லது இருவர். ‘ஃபோல்ற்றி ரவேர்ஸ்’ 1975இலும் 1979இலுமாகப் பன்னிரண்டு அத்தியாயங்களே. ஒரே வீட்டில் வாழும் நான்கு மாணவர்களைப் பற்றிய ‘த யங் வன்ஸ்’ 1982இலும் 1984இலுமாகப் பன்னிரண்டே. ஆகவே பதினான்கு என்பது அந்நாட்டு வழக்கிலே தோல்விக்கு அடையாளமன்று. ‘ஸ்பேஸ்ட்’ தொடரிலே எழுதியவர்களே நடித்தவர்களும். ஒவ்வோர் அத்தியாயமும் திரைப்படக் குறிப்புக்களால் நெருக்கி நெய்யப்பட்டது. அவ்வாறு நெய்யக் காலம் வேண்டும். இரண்டு பருவங்களுக்கிடையே ஓராண்டுக்கு மேல் இடைவெளி விழுந்தமையே சான்று. பின்னர் எழுத்தாளரும் நெறியாளரும் வேறு பணிகளுக்குச் சென்றனர், வயதும் ஏறிற்று. மூன்றாம் பருவம் எழுதப்படவில்லை.

அமெரிக்காவிலே ‘ஃபொக்ஸ்’ நிறுவனத்தார் இதே கதையைத் தம் நாட்டுக்கு ஏற்ப மாற்றியெடுக்க முயன்றனர். முதல் எழுதியவர்களைக் கலந்துகொள்ளாமலே அம்முயற்சி தொடங்கியதாகப் பெக் வெளிப்படையாகவே கண்டித்தார். 2008ஆம் ஆண்டில் வெள்ளோட்ட அத்தியாயத்தோடு அது கைவிடப்பட்டது. வியப்பில்லை. ‘தம்பதியராக நடித்தல்’ என்ற சட்டத்தை எடுத்துச் செல்லலாம். அதனுள் வைத்த படத்தை எடுத்துச் செல்வது எங்ஙனம்?

அந்தப் பொய் இறுதியில் என்னாயிற்று? இரண்டாம் பருவத்தின் ஈற்றயலான அத்தியாயத்தில் அது வெளிப்படுகிறது. மார்ஷா சினந்து துரத்துவாள் என்று எதிர்பார்த்திருப்போம். அவளோ மனமுடைந்துபோகிறாள். தன் வீட்டில் ஒரு நல்ல இணை வாழ்கிறது என்ற எண்ணம் அவளுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருந்தது என்பதை அப்போதுதான் நாமும் அறிகிறோம். வாடகைக்காகச் சொன்ன பொய்யை அவள் அன்பாக வாங்கி வைத்திருந்தாள். வீட்டை விற்றுவிட்டுப் போவதென்று முடிவு செய்கிறாள். கடைசி அத்தியாயத்தில் நண்பர்கள் யாவரும் ஒன்றுதிரண்டு, பெரும் ஆரவாரத்தோடு அவளைத் திரும்ப அழைத்துவருகிறார்கள். சட்டப்படி அவள் வீட்டுக்காரி. அவர்கள் வெறும் குடியிருப்பாளர். அன்று அவள் திரும்பி வருவது வாடகை கொடுப்போரிடத்துக்கன்று. இம்முறை எவரும் எவருக்கும் தம்பதியரென்று சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையுமில்லை. இத்தொடரில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுவே.

ஒன்றுமாத்திரம் மனத்தில் உறுத்துகிறது. 2004இல் இத்தொடரைப் பற்றி எடுக்கப்பட்ட விவரணப் படமொன்றின் முடிவிலே, ரிம்மும் டெய்சியும் மெய்யாகவே இணைந்து, கையிற் குழந்தையோடு வாழ்வதாகக் குறிப்புக் காட்டப்படுகிறது. இரசிகர் பலர் மகிழ்ந்தனர். அவர்களிருவரும் சேரவேண்டுமென்று பதினான்கு அத்தியாயங்களிலும் ஏங்கியவர்கள் அவர்கள்; அவர்களது மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆயினும் அக்காட்சியைப் பார்த்தபோது, சிற்றுண்டிச்சாலை மேசையிற் கிடந்த அந்த விளம்பரமே என் நினைவுக்கு வந்தது. தம்பதியருக்கு மாத்திரம் என்று அது கேட்டது; ஐந்து ஆண்டுகள் கழித்து, அது கேட்டதையே இவர்கள் கொடுத்துவிட்டார்கள். நண்பர்களாகவே அந்த வீட்டில் இன்னும் சில காலம் அவர்களை இருக்க விட்டிருக்கலாம்.